ஒரு ஆச்சரியக்குறியின் வரலாறு

போன வருசம் எங்களில் ஒருத்தியின் போனில் ஒரு பிரச்சினை வந்தது. ஹொஸ்டல் வைஃபையில் இணைத்தால் வைஃபை அடையாளத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஆச்சரியக்குறி. கீழே, 'இணையம் இல்லை' என்று ஒரு வரி. அதே அறையில், அதே வைஃபையில், மற்ற மூன்று பேருடைய போனிலும் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. இன்னும் குழப்பம் என்னவென்றால், அவளுடைய போனிலும் வாட்ஸ்அப் வருகிறது, யூடியூப் ஓடுகிறது. இணையம் இல்லை என்று சொல்லிக்கொண்டே அந்தப் போன் இணையத்தில் இருந்தது.

முதலில் நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 'பழைய போன் தானே, அது அப்படித்தான்' என்று விட்டுவிட்டோம். மாத நடுவில்தான் விளங்கியது. வீட்டிலிருந்து அம்மா ஒரு மாதத்துக்கு என்று போட்டுவிட்ட டேட்டா ஒன்பது நாளில் முடிந்திருந்தது. வைஃபையில் இணையம் இல்லை என்று போன் நம்பியதால், அது வைஃபையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் சிம்மில் இருந்த டேட்டாவைக் குடித்திருக்கிறது. யூடியூப் ஓடியது அப்படித்தான். டேட்டாவை நிப்பாட்டிப் பார்த்தோம். அப்பவும் யூடியூப் ஓடியது, இந்தமுறை வைஃபையில். ஆச்சரியக்குறி மட்டும் அசையவில்லை. ஆகவே அந்தக் குறி சொன்னது பொய்.

நாங்கள் கலைப்பீட மாணவர்கள். போனைத் திறந்து பார்க்கத் தெரியாது. ஆனால் ஒரு ஆவணத்தைப் பார்த்தால் கேட்கவேண்டிய கேள்விகளைப் படித்திருக்கிறோம். இதைச் சொன்னது யார்? எப்போது சொன்னது? எதை வைத்துச் சொன்னது? அந்த ஆச்சரியக்குறியிடமும் இந்தக் கேள்விகளைத்தான் கேட்டோம். கிடைத்த பதில் நாங்கள் நினைத்ததைவிட நீளமான ஒரு வரலாறு.

ஒரு கேள்வியும் ஒரு வெறும் பதிலும்

போனுக்கு இணையம் இருக்கிறதா இல்லையா என்று தானாகத் தெரியாது. வைஃபை அலை வருகிறதா என்பது தெரியும். ரவுட்டர் முகவரி தந்ததா என்பது தெரியும். அதற்கு அப்பால் உலகம் இருக்கிறதா என்பதை யாரிடமாவது கேட்டுத்தான் அறியவேண்டும். ஆகவே வைஃபையில் இணைந்த உடனே போன் ஒரு குறிப்பிட்ட சேவையகத்தைக் கூப்பிட்டுப் பார்க்கிறது. எதிர்பார்த்த பதில் வந்தால் இணையம் இருக்கிறது. வராவிட்டால் ஆச்சரியக்குறி. அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் வந்த கதை ஹோட்டல்களிலும் விமான நிலையங்களிலும் தொடங்குகிறது. பொது இடங்களில் வைஃபை பரவிய காலத்தில், இணைந்தவுடன் உங்களை உள்ளே விடாமல் ஒரு பக்கத்தைக் காட்டும் முறை வந்தது. பெயரைப் போடு, அறை இலக்கத்தைப் போடு, காசைக் கட்டு, நிபந்தனைகளுக்குச் சம்மதி. அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும். நீங்கள் எந்த இணையத்தளத்தைக் கேட்டாலும், வழியில் மறித்து வேறு பக்கத்தைத் தருவதுதான் இதன் உத்தி. உலாவியைத் திறக்கும் ஆளுக்கு இது விளங்கும். ஆனால் பின்னணியில் மின்னஞ்சலை எடுக்கும் ஒரு செயலிக்கு விளங்காது. அது தன் தபாலைக் கேட்டால் ஹோட்டலின் வரவேற்புப் பக்கம் பதிலாக வரும்.

ஆகவே இயங்குதளங்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தன. பதில் ஏற்கெனவே தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்பது. சரியான பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது. வேறு பதில் வந்தால் யாரோ நடுவில் மறிக்கிறார்கள். 2007இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசொஃப்ட் இதைச் செய்தது. கணினி ஒரு சின்ன எழுத்துக் கோப்பைக் கேட்கும், அதற்குள் 'மைக்ரோசொஃப்ட் என்.சி.எஸ்.ஐ.' என்ற சொற்கள் மட்டும் இருக்கும். அந்தச் சொற்கள் அப்படியே வந்தால் சரி. அப்பிள் தன்னுடைய ஒரு பக்கத்தைக் கேட்கும். அதில் 'சக்ஸஸ்' என்ற ஒரே சொல்.

கூகிளின் அன்ட்ரொய்ட் இன்னும் சிக்கனமாகச் செய்தது. வலையில் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு இலக்கம் உண்டு. பக்கம் காணவில்லை என்றால் வரும் 404ஐ எல்லோருக்கும் தெரியும். 204 என்றும் ஒன்று இருக்கிறது. 'உன் கேள்வி வந்து சேர்ந்தது, ஆனால் தருவதற்கு ஒன்றுமில்லை' என்பது அதன் பொருள். 1996இல் வெளியான எச்.டி.டி.பி. 1.0 ஆவணத்திலேயே அது இருக்கிறது. அன்ட்ரொய்ட் போன் கூகிளின் ஒரு முகவரியைக் கூப்பிடும். கூகிள் 204 என்று வெறுங்கையோடு பதில் சொல்லும். மறித்து நிற்கும் ஹோட்டல் பக்கம் எப்போதும் எதையாவது காட்டத்தான் பார்க்கும். ஆகவே ஒன்றுமில்லாத பதில்தான் நல்ல சாட்சி.

இதை ஒழுங்குபடுத்தச் சில முயற்சிகளும் நடந்தன. 2012இல் 511 என்ற புதிய இலக்கம் வந்தது. 'இந்த வலையமைப்புக்குள் நுழைய முதலில் உன்னை அடையாளப்படுத்து' என்பது அதன் செய்தி. 2020இல், வலையமைப்பே தன் நுழைவுப் பக்கம் எங்கே இருக்கிறது என்று போனுக்கு நேரடியாகச் சொல்லும் முறை ஒன்றை இணையப் பொறியியல் செயலணி வெளியிட்டது. ஆனால் அதற்கிடையில் கோடிக்கணக்கான கருவிகள் அந்தப் பழைய தந்திரத்தோடு உலகம் முழுக்கப் பரவிவிட்டன.

இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்கவேண்டும். போன் கேட்ட கேள்வி 'இணையம் இருக்கிறதா?' என்பதில்லை. 'இந்த ஒரு கொம்பனியின் இந்த ஒரு சேவையகம் எனக்குப் பதில் சொல்கிறதா?' என்பதுதான். இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். பெரும்பாலும்.

சீனாவில் தோன்றிய குறி

இரண்டும் ஒன்றில்லை என்பது பெரிய அளவில் வெளியே தெரிந்தது 2014இல். அந்த வருச நடுப்பகுதியில் சீனாவில் கூகிளின் சேவைகள் கிட்டத்தட்ட முழுமையாக மறிக்கப்பட்டன. அதே வருசம் நவம்பரில் அன்ட்ரொய்ட் 5.0, லொலிபொப், வந்தது. சோதனை தோற்றால் வைஃபை அடையாளத்தின் பக்கத்தில் ஆச்சரியக்குறி போடும் பழக்கம் அதில்தான் வந்தது. சீனாவில் கூகிளின் மூல வடிவத்தைப் போட்டிருந்தவர்களின் போன் எல்லாவற்றிலும் ஆச்சரியக்குறி. அவர்களுடைய இணையம் வேலை செய்தது. சீனத் தளங்கள் எல்லாம் திறந்தன. கூகிள் மட்டும்தான் பதில் சொல்லவில்லை. ஆனால் போனைப் பொறுத்தவரை கூகிள் பதில் சொல்லாவிட்டால் உலகமே இல்லை.

சியாவ்மி, ஹுவாவெய் மாதிரியான கொம்பனிகள் தங்கள் போன்கள் தங்கள் சொந்தச் சேவையகங்களைக் கேட்கும்படி செய்தன. அந்த வசதி கிடைக்காதது கஸ்டம் ரொம் போட்டவர்களுக்கு. அவர்கள் போனைக் கேபிளால் கணினியில் இணைத்து, உள்ளே மறைந்திருக்கும் ஒரு செட்டிங்ஸ் பெறுமதியைக் கையால் மாற்றினார்கள். சோதனைக்குரிய முகவரியை மாற்றலாம், அல்லது சோதனையையே நிப்பாட்டலாம். இந்த இரண்டு வரிக் கட்டளை அங்கிருந்து உலகம் முழுக்கக் கைமாறியது. பிறகு கூகிளுக்குத் தன் இருப்பை அறிவிக்க விரும்பாதவர்களும் அதே வழியைப் பிடித்தார்கள். அவர்களுடைய கவலையிலும் நியாயம் இருக்கிறது. வைஃபையில் இணையும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்னக் கேள்வி, உங்கள் இணைய முகவரியையும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டுதான் போகிறது. கிராஃபீன் ஓ.எஸ். மாதிரியான சில இயங்குதளங்கள் இதற்காகவே சொந்தச் சோதனைச் சேவையகம் வைத்திருக்கின்றன.

அநாதையான இயங்குதளங்கள்

கஸ்டம் ரொம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அன்ட்ரொய்டின் மூலநிரல் திறந்தது. யாரும் எடுத்து மாற்றலாம். முதலாவது அன்ட்ரொய்ட் போனான எச்.டி.சி. ட்ரீம் 2008 ஒக்டோபரில் விற்பனைக்கு வந்தது. அதன் பூட்டைத் திறக்கும் வழி தெரிந்தவுடனேயே ஆர்வலர்கள் தங்கள் சொந்த வடிவங்களைப் போடத் தொடங்கினார்கள். 2009இல் ஸ்டீவ் கொண்டிக் தொடங்கிய சயனோஜன்மொட் அவற்றில் மிகப் பெரியதாக வளர்ந்தது. அந்த வருசம் செப்டெம்பரிலேயே கூகிள் அவருக்குச் சட்டக் கடிதம் அனுப்பியது. ஜிமெயில், மெப்ஸ் மாதிரியான செயலிகள் திறந்த நிரல் இல்லை, அவற்றைச் சேர்த்துத் தரக்கூடாது என்பது அதன் சாரம். அன்றிலிருந்துதான் கஸ்டம் ரொம்மையும் கூகிள் செயலிகளையும் வேறு வேறாகப் போடும் வழக்கம் வந்தது.

போன் கொம்பனிகள் ஒரு மொடலுக்கு இரண்டு வருசம் அப்டேட் தந்தாலே பெரிது என்றிருந்த காலம் அது. கைவிடப்பட்ட போன்களுக்குச் சயனோஜன்மொட் இரண்டாவது ஆயுள் கொடுத்தது. சம்பளம் இல்லாமல், தங்கள் கையில் இருக்கும் மொடலுக்காகத் தாங்களே வேலை செய்த ஆட்கள்தான் அதன் பலம். 2013இல் அந்தப் பெயரில் ஒரு கொம்பனி உருவானது. 2014இல் வன்பிளஸ் கொம்பனியின் முதல் போன் அதன் வணிக வடிவத்தோடு வந்தது. பிறகு உள்ளே பிளவு. 2016 டிசம்பரில், அந்த மாதம் 31ஆம் திகதிக்குள் எல்லாச் சேவைகளையும் நிறுத்துவதாகக் கொம்பனி அறிவித்தது. தன்னார்வலர்கள் நிரலை எடுத்துக்கொண்டு லீனியேஜ் ஓ.எஸ். என்ற புதிய பெயரில் தொடர்ந்தார்கள். லீனியேஜ் என்றால் வம்சாவழி. பெயரிலேயே கதை இருக்கிறது.

ஆனால் எல்லாப் போனும் அந்த வம்சத்தில் சேரவில்லை. பராமரிக்க ஆள் இல்லாத மொடல்கள் அன்றிருந்த வடிவத்திலேயே உறைந்துபோயின. அப்டேட் இருக்கிறதா என்று அவை கேட்கும் முகவரியில் இப்போது யாரும் இல்லை. தாங்கள் பழையதாகிவிட்டோம் என்று சொல்லவும் அவற்றுக்கு ஆளில்லை.

காலாவதியான சாட்சிகள்

உறைந்துபோன போனைச் சுற்றி உலகம் உறையவில்லை. 2016இல் வந்த அன்ட்ரொய்ட் 7, இரண்டு விதமாகக் கேட்கத் தொடங்கியது. ஒன்று சாதாரண எச்.டி.டி.பி. வழியில். மற்றது பூட்டுப் போட்ட எச்.டி.டி.பி.எஸ். வழியில். பூட்டுப் போட்ட வழியில் 204 வந்தால்தான் இணையம் முழுதாக உறுதி. சாதாரண வழி மட்டும் பதில் சொன்னால் போதாது. ஆகவே அதற்குப் பிறகு வந்த போன்களில் பூட்டுச் சம்பந்தமான எந்தப் பிழையும் 'இணையம் இல்லை' என்ற முகமூடியோடு வரக்கூடும்.

பூட்டுக்குச் சான்றிதழ் வேண்டும். ஒரு தளத்தின் சான்றிதழை இன்னொருவர் கையொப்பமிட்டிருப்பார். அவருடையதை இன்னொருவர். அந்தச் சங்கிலியின் அடியில் ஒரு மூலச் சான்றிதழ் இருக்கும். எந்த மூலங்களை நம்பலாம் என்ற பட்டியல் போனுக்குள்ளேயே, இயங்குதளத்தின் ஒரு பகுதியாக வருகிறது. இயங்குதளத்துக்கு அப்டேட் வராவிட்டால் அந்தப் பட்டியலும் புதுப்பிக்கப்படாது. 2023இல் வந்த அன்ட்ரொய்ட் 14தான் அந்தப் பட்டியலைத் தனியாகப் புதுப்பிக்க வழி செய்தது.

இதனால் என்ன நடக்கும் என்பதற்கு 2021 செப்டெம்பர் 30 நல்ல உதாரணம். லெட்ஸ் என்க்ரிப்ட் என்பது இணையத்தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் அமைப்பு. 2015இல் அது தொடங்கியபோது அதன் சொந்த மூலத்தை எந்தப் போனுக்கும் தெரியாது. ஆகவே ஐடென்ட்ரஸ்ட் என்ற கொம்பனியின் பழைய மூலம் ஒன்று அதற்குப் பிணை நின்றது. அந்தப் பழைய மூலம் காலாவதியான நாள்தான் அது. சொந்த மூலத்தை அறிந்திருந்தவை அன்ட்ரொய்ட் 7.1.1உம் அதற்குப் பிந்திய வடிவங்களும் ஓடும் போன்கள் மட்டும். அதற்கு முந்திய வடிவங்களில் ஓடுபவை அன்ட்ரொய்ட் கருவிகளில் மூன்றில் ஒரு பங்கு என்று 2020 நவம்பரில் அந்த அமைப்பே எழுதியது. ஃபயர்ஃபொக்ஸ் உலாவி தன்னுடைய பட்டியலைத் தானே கொண்டு வருவதால், பழைய போன்காரர்கள் அதைப் பாவிக்கலாம் என்றும் சொன்னது.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூலச் சான்றிதழின் காலாவதித் திகதியை அன்ட்ரொய்ட் பார்ப்பதில்லை. பழைய போன் காலாவதியான சாட்சியையும் ஏற்கும். ஆகவே காலாவதியாகப்போகும் அந்த மூலத்திடமிருந்தே இன்னொரு நீண்ட கையொப்பத்தை வாங்கினார்கள். அதனால் பழைய போன்களுக்கு இன்னும் மூன்று வருசம் கிடைத்தது. அதுவும் 2024 செப்டெம்பர் 30இல் முடிந்தது. சில வரி நிரலில், சில கையொப்பங்களில், கோடிக்கணக்கான ஆட்களின் போன் தங்கியிருந்ததைப் பற்றி எங்கள் வரலாற்று வகுப்பில் யாரும் பேசியதில்லை.

எங்கட போனின் கதை

இவ்வளவையும் வாசித்த பிறகு அவளுடைய போனுக்குத் திரும்பினோம். அது அவளுடைய அண்ணாவின் பழைய போன். 2017இல் அவர் அதில் லீனியேஜ் 14.1 போட்டிருந்தார். அதாவது அன்ட்ரொய்ட் 7.1. அவர் கட்டாருக்குப் போகும்போது புதுப் போன் வாங்கிக்கொண்டு இதைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். புதுசு வாங்கலாமே என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. 2022இல் இரண்டு மூன்று மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு எங்கட வீடுகளில் போன் என்பது கைமாறி வரும் பொருள். அண்ணாவிடமிருந்து, மச்சாளிடமிருந்து, சித்தப்பாவிடமிருந்து.

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதலில் திகதியும் நேரமும். பற்றரி முற்றாக இறங்கினால் சில பழைய போன்கள் 1970 ஜனவரி 1க்குப் போய்விடும். அந்தத் திகதியில் நின்று பார்த்தால் இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காதவை, ஆகவே பூட்டுத் திறக்காது. அவளுடைய போனில் நேரம் சரி.

அடுத்து வி.பி.என். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்களை மறித்தபோது இந்த நாட்டில் எத்தனையோ பேர் இலவச வி.பி.என். செயலிகளைப் போட்டார்கள். போட்டதை மறந்தும் போனார்கள். பின்னணியில் ஓடும் செத்துப்போன வி.பி.என். ஒன்று சோதனையை விழுங்கிவிடலாம். அவளிடம் ஒன்று இருந்தது, அழித்தோம். குறி போகவில்லை.

அடுத்து விளம்பரத் தடுப்பு. ரூட் செய்த போன்களில் விளம்பர முகவரிகளை மறிக்க ஒரு கோப்பு வைப்பார்கள். அந்தப் பட்டியலில் சில நேரம் சோதனை முகவரியும் மாட்டிக்கொள்ளும். அதுவும் இல்லை. புதிய போன்களில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்று ஒன்று இருக்கும். அங்கே எழுதியிருக்கும் சேவையகம் செத்திருந்தாலும் இதே குறி வரும். ஆனால் அது அன்ட்ரொய்ட் 9இல் வந்த வசதி, இந்தப் போனில் இல்லை.

கடைசியில் அவள் அண்ணாவுக்கே வாட்ஸ்அப்பில் எடுத்தாள்.

"அண்ணா, இந்தப் போன்ல இன்டர்நெட் செக் பண்ணுற இடத்தில ஏதும் மாத்தினீங்களோ?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சிரித்தார். "ஓம் ஓம். அப்ப கூகிளுக்கு ஒண்டும் போகக்கூடாது எண்டு ஒரு பைத்தியம் இருந்தது. யாரோ ஒரு பொடியன் சொந்தமா வச்சிருந்த சேர்வர் ஒண்டைக் குடுத்தனான். அது இன்னும் இருக்கோ தெரியேல்ல."

அது இல்லை. யாரோ ஒரு ஆர்வலர் நடத்திய சேவையகம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அந்தப் போன் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தடவை வைஃபையில் இணையும்போதும், ஆளில்லாத அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, திறக்காததால் உலகத்தில் யாரும் இல்லை என்று முடிவெடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு சினேகிதனின் மடிக்கணினியில் போனை இணைத்தோம். அண்ணா தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அவர் ஏழு வருசத்துக்கு முதல் எழுதிய அந்தப் பெறுமதியை அழித்தோம். போன் தன் பழைய இயல்பான முகவரிக்குத் திரும்பியது. வைஃபையை நிப்பாட்டித் திரும்பப் போட்டோம். ஆச்சரியக்குறி இல்லை. அறையில் ஒரு சத்தம் எழுந்தது, பக்கத்து அறைக்காரர் என்ன நடந்தது என்று கேட்டார்கள்.

செய்ய விரும்புகிறவர்களுக்கு

இதே குறி உங்கள் போனிலும் இருந்தால், இந்த ஒழுங்கில் பாருங்கோ. முதலில் சிம் டேட்டாவை நிப்பாட்டிவிட்டு வைஃபையில் மட்டும் ஏதாவது திறக்கிறதா என்று பாருங்கோ. திறக்காவிட்டால் அந்த எச்சரிக்கை உண்மை, ரவுட்டரைப் பாருங்கோ. திறந்தால் அது பொய். பிறகு திகதி, வி.பி.என்., பிரைவேட் டி.என்.எஸ்., விளம்பரத் தடுப்பு. அதற்குப் பிறகுதான் சோதனை முகவரி.

சோதனையையே நிப்பாட்டிவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். முடியும். ஆனால் அதோடு ஹோட்டலிலும் கம்பஸிலும் வரும் நுழைவுப் பக்கம் தானாகத் திறப்பதும் நின்றுவிடும். இணையம் உண்மையிலேயே இல்லாதபோதும் போன் செத்த வைஃபையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முகவரியை மாற்றுவதென்றால், அதை நடத்துகிறவர் நாளைக்கும் இருப்பாரா என்று யோசியுங்கோ.

தளங்கள் சான்றிதழ் பிழை காட்டினால், யாரோ அனுப்பும் சான்றிதழ் கோப்பைப் போனில் ஏற்றவேண்டாம். ஒரு மூலச் சான்றிதழை ஏற்றுவது, உங்கள் கடிதங்களைத் திறந்து வாசிக்கும் உரிமையை ஒருவருக்குக் கொடுப்பது மாதிரி. உங்கள் மொடலுக்கு இன்னும் பராமரிக்கப்படும் லீனியேஜ் வடிவம் இருந்தால், படங்களையும் தொடர்புகளையும் வேறிடத்தில் சேமித்துவிட்டு அதற்கு மாறுவதே நல்லது. பழைய வடிவத்தில் ஆச்சரியக்குறியைப் போக்கலாம், பாதுகாப்பு ஓட்டைகளைப் போக்க முடியாது. வங்கிச் செயலியை அதில் வைத்திருக்காதேங்கோ.

குறி இல்லாத நாட்கள்

இதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவன் ஒரு விசயத்தைச் சொன்னான். 2022 ஏப்ரல் 3. ஊரடங்கு. முகநூல் இல்லை, வாட்ஸ்அப் இல்லை, யூடியூப் இல்லை. ஆனால் அன்று எவருடைய போனிலும் ஆச்சரியக்குறி வந்ததாக ஞாபகம் இல்லை. வந்திருக்கவும் நியாயமில்லை. கூகிளின் சேவையகம் அன்றும் 204 சொல்லிக்கொண்டுதான் இருந்தது. போனைப் பொறுத்தவரை எல்லாம் சரி.

சீனாவில் 2014இல் இணையம் இருந்தும் குறி வந்தது. இங்கே 2022இல் கதைக்க வழியில்லாமல் போயும் குறி வரவில்லை. இரண்டு இடத்திலும் போன் பொய் சொல்லவில்லை என்றும் சொல்லலாம். தன்னிடம் கேட்கச் சொன்ன ஒரே ஒரு கேள்வியை அது கேட்டது. அந்தக் கேள்வியை எழுதியது நாங்கள் இல்லை. அந்த ஒரு பதிலை 'இணையம்' என்று மொழிபெயர்த்ததும் நாங்கள் இல்லை.

அவள் இப்பவும் அதே போனைத்தான் பாவிக்கிறாள். புதிய லீனியேஜ் வடிவத்துக்கு அந்த மொடலில் பராமரிப்பாளர் இல்லை. ஆகவே அது எப்போதோ ஒரு நாள் உண்மையாகவே வெளியே தள்ளப்படும். அதுவரைக்கும் டேட்டா மாதம் முழுக்க வருகிறது. அம்மாவுக்கு அது போதும்.